தூக்குக்கு மேல் என்ன தண்டனை?

பாளையங்கோட்டையில் 2025 ஜூலைக் கடைசியில் ஓர் இளம் மென்பொருள் பொறியாளர் தெருவில் வைத்து வெட்டிக் கொல்லப்பட்டார். பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். வேறு சாதிப் பெண்ணோடு பழகியதுதான் காரணம் என்று வழக்கு. ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்ற பழைய கோரிக்கை மறுபடி சூடு பிடித்தது. அக்டோபரில் ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் இதற்கென்று ஓர் ஆணையம் அமைப்பதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

அந்தச் சமயத்தில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நண்பர் எழுதினார்: "கொலைக்கு ஏற்கெனவே தூக்கு இருக்கு. தூக்குக்கு மேல என்னய்யா தண்டனை கொடுப்பீங்க? ரெண்டு தடவை தொங்க விடுவீங்களா?" ஏழெட்டுப் பேர் சிரிக்கும் பொம்மை போட்டார்கள். அவர் கெட்டவர் இல்லை. சாதி பார்க்காதவர் என்றுதான் தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பவர். கொலை என்றால் கொலைதான், சொத்துக்காகச் செய்தால் என்ன, சாதிக்காகச் செய்தால் என்ன, செத்தவன் செத்தவன்தானே என்பது அவர் கட்சி. இந்தக் கேள்வியைச் சும்மா திட்டிவிட்டுப் போகக்கூடாது என்று எனக்குத் தோன்றியது. ஏனென்றால் கணக்குப் பார்த்தால் அவர் சொன்னதில் பாதி சரி.

கொலைக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 302ஆம் பிரிவு மரணம் அல்லது ஆயுள் என்றது. பட்டியல் சாதிகள், பழங்குடிகள் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. பத்து ஆண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்கத்தக்க குற்றத்தை இந்த மக்கள்மீது செய்தால் ஆயுள் தண்டனை என்று அதன் மூன்றாம் பிரிவு சொல்கிறது. கொலைக்குத்தான் ஏற்கெனவே ஆயுள் இருக்கிறதே? ஆகக் கொலை வழக்கில் இந்தச் சட்டம் தாளில் இன்னொரு ஆயுளைச் சேர்க்கிறது, அவ்வளவுதான். இரண்டும் பெரும்பாலும் ஏக காலத்தில் ஓடும்.

2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவும் அப்படித்தான். ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து இனம், சாதி, சமூகம், பால், பிறந்த இடம், மொழி, தனிப்பட்ட நம்பிக்கை போன்ற காரணத்துக்காக ஒருவரைக் கொன்றால் மரணம் அல்லது ஆயுள் என்கிறது 103ஆம் பிரிவின் இரண்டாம் பகுதி. முதல் பகுதியில் இருக்கும் சாதாரணக் கொலைக்கும் அதே தண்டனை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2023 ஆகஸ்டில் முதலில் கொண்டுவந்த மசோதாவில் கும்பல் கொலைக்கு மட்டும் ‘ஏழு ஆண்டுக்குக் குறையாத சிறை’ என்று மூன்றாவதாக ஒரு வாசல் திறந்து வைத்திருந்தார்கள். தனியாளாகக் கொன்றவனுக்குக் குறைந்தது ஆயுள். வெறுப்பினால் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு கொன்றவன் ஏழு வருஷத்தில் வெளியே வரலாம்! டிசம்பரில் திருத்திய மசோதாவில் அந்த வாசலை மூடினார்கள். மதம் என்ற சொல் மட்டும் அந்தப் பட்டியலில் கடைசிவரை வரவில்லை. ‘தனிப்பட்ட நம்பிக்கை’க்குள் அதைத் திணித்துக்கொள்ள வேண்டியதுதான் போல.

சரி, வருஷக் கணக்கில் வித்தியாசமே இல்லை என்றால் எதற்கு இத்தனை சண்டை? அங்கேதான் கயர்லாஞ்சிக்குப் போகவேண்டியிருக்கிறது.

மகாராஷ்டிரத்தில் பண்டாரா மாவட்டத்துக் கிராமம் கயர்லாஞ்சி. அங்கே இருந்த ஒரு மகர் பௌத்தக் குடும்பத்துக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அந்த வீட்டுப் பெண் படிப்பில் கெட்டி. நிலத்தில் பாதை விடுவது பற்றி ஊரில் தகராறு. இதற்கிடையில் அவர்களுக்கு வேண்டிய ஒருவர் தாக்கப்பட்டார். தாக்கியவர்களைப் போலீசில் அடையாளம் காட்டியது அந்த வீட்டு அம்மாவும் மகளும். அடையாளம் காட்டப்பட்டவர்கள் 2006 செப்டம்பர் 29 அன்று பிணையில் வெளியே வந்தார்கள். அன்று மாலையே வீட்டுக்குப் போனார்கள். அம்மா, மகள், இரண்டு மகன்கள், நால்வரையும் கொன்று உடல்களைக் கால்வாயில் போட்டார்கள். தப்பியது அப்பா மட்டும்.

2008இல் விசாரணை நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்கும் இரண்டு பேருக்கு ஆயுளும் கொடுத்தது. என் நண்பர் கேட்ட அதே தூக்கு. ஆனால் வன்கொடுமைச் சட்டப் பிரிவு நிற்கவில்லை. சாட்சி சொன்னதற்குப் பழிவாங்கிய கொலை இது, சாதிக்காக நடந்ததல்ல என்பது நீதிமன்றத்தின் முடிவு. 2010இல் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர்க் கிளை தூக்கை 25 ஆண்டு சிறையாக மாற்றியது. சாதி விஷயத்தில் கீழ் நீதிமன்றம் சொன்னதையே சொன்னது.

இதை யோசித்துப் பாருங்கள். ஒரு தலித் குடும்பம், தனக்கு வேண்டியவர்மேல் கை வைத்தவனைப் போலீசுக்குக் காட்டிக்கொடுக்கிறது. இதே காரியத்தை ஊரில் மேல்சாதிக்காரர் ஒருவர் செய்திருந்தால், ஊரே திரண்டு வந்து குடும்பத்தோடு வெட்டியிருக்குமா? ‘இவளுக்கு இவ்வளவு தைரியமா’ என்ற கோபத்தில் அந்த ‘இவள்’ யார் என்பது அடங்கியிருக்கிறது. பழிவாங்கலும் சாதியும் தனித்தனிப் பாத்திரத்தில் இருக்கும் சரக்குகள் என்று நீதிமன்றம் நினைத்தது. அந்த ஊரில் அப்படி இல்லை. மகாராஷ்டிரத் தலித்துகள் வருஷக்கணக்காகக் கொதித்தது தூக்கு போதவில்லை என்பதற்காக மட்டுமா? நடந்தது என்ன என்று தீர்ப்பில் எழுதப்படவில்லை என்பதற்காகவும்தான்.

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெறுப்பினால் செய்யும் குற்றத்தைச் சட்டம் தனியாகப் பிரித்துப் பார்க்கவேண்டும், கடுமையாகவும் பார்க்கவேண்டும். ஆனால் கடுமை என்றதும் நாம் வருஷங்களை எண்ணத் தொடங்குகிறோமே, அது தப்பான இடத்தில் பார்ப்பது. யார் விசாரிக்கிறார், எதை நிரூபிக்கவேண்டும், குற்றத்துக்கு என்ன பெயர் எழுதுகிறார்கள் என்பதில்தான் சட்டத்தின் கனம் இருக்கிறது.

இதை எனக்குப் புரியவைத்தது ஒரு சப்-இன்ஸ்பெக்டர்.

எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவரைக் கட்டிய கொத்தனாரின் மகன் பாலிடெக்னிக் படிக்கிறவன். கோயில் கொடை சமயத்தில் ஊர்த்தெரு வழியாக பைக்கில் போனான் என்று நிறுத்தி அடித்துவிட்டார்கள். கை எலும்பு முறிவு. புகார் கொடுக்கத் துணைக்கு வரச்சொல்லி அவர் கூப்பிட்டதால் நானும் போனேன். எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம், எந்த ஸ்டேஷனாகவும் இருக்கலாம். உள்ளே போனதும் சப்-இன்ஸ்பெக்டர் என்னிடம், "சார் நீங்க யாரு, இவங்களுக்கு என்ன வேணும்?" என்றார். கொத்தனாருக்கு என்னைவிடப் பதினைந்து வயது கூட இருக்கும். அவரிடம், "நீ சொல்லு" என்றார்.

அப்புறம் கேள்விகள். பேரைச் சொல்லித் திட்டினானா? என்ன வார்த்தை? எத்தனை பேர் கேட்டாங்க? கேட்டவங்க எல்லாம் உங்க ஆளுங்களா, வெளியாளும் உண்டா? கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்த பையன் திணறினான். அடி விழும்போது வார்த்தையை யார் எண்ணிக்கொண்டிருப்பார்கள்? பிறகு சப்-இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, கொஞ்சம் நட்பாகவே, "சார், பி.சி.ஆர் போட்டா டி.எஸ்.பி வரணும். எஸ்.பிக்கு ரிப்போர்ட் போகும், கலெக்டர் ஆபீஸ்ல இருந்து போன் வரும். சாதா அடிதடியாப் போடுறேன், நாளைக்கே ரெண்டு பேரை ரிமாண்ட் பண்றேன். உங்களுக்கு வேண்டியது அதுதானே?" என்றார்.

பி.சி.ஆர் என்பது 1955ஆம் ஆண்டுக் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் ஆங்கிலச் சுருக்கம். வன்கொடுமைச் சட்டம் வந்து முப்பத்தைந்து வருஷம் ஆகியும் ஊர்ப்பக்கம் இன்னும் அந்தப் பழைய பெயர்தான் புழங்குகிறது.

கொத்தனார் மெதுவாகக் கேட்டார்: "அய்யா, சாதா அடிதடின்னா ரெண்டு பேருக்குள்ள தகராறுன்னு ஆயிரும்ல? எம்மவனுக்கும் அவனுகளுக்கும் முன்ன பின்ன பழக்கமே கிடையாதே. எதுக்குத் தகராறுன்னு யாராச்சும் கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

அதற்கு அந்த அதிகாரியிடம் பதில் இல்லை. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக ஒரு சி.எஸ்.ஆர் ரசீது கொடுத்து அனுப்பினார். சாயங்காலத்துக்குள் எதிர்த்தரப்பிலிருந்தும் ஒரு புகார் வந்தது: பையன் பெண்களைக் கேலி செய்தானாம். கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, ஆஸ்பத்திரிச் செலவை வாங்கிக் கொடுத்து, சமாதானம் என்றார்கள். கொத்தனாரும் கையெழுத்துப் போட்டார். அவர் வேலைக்குப் போகவேண்டிய வீடுகளெல்லாம் ஊர்த்தெருவில்தான் இருக்கின்றன.

அந்த சப்-இன்ஸ்பெக்டர் எத்தனை வருஷம் தண்டனை என்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் பயந்தது வழிமுறைக்கு. துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்கவேண்டும் என்கிறது வன்கொடுமைச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதி. முன்ஜாமீன் கிடையாது என்கிறது 18ஆம் பிரிவு. கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்கே ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை சிறை என்கிறது நான்காம் பிரிவு. கொலை என்றால் குடும்பத்துக்கு நிவாரணம் 8,25,000 ரூபாய் என்று 2016இல் மத்திய அரசு விதித்தது. அதில் பாதியைப் பிரேதப் பரிசோதனை முடிந்ததும் கொடுத்தாக வேண்டும். வழக்கு முடியும்வரை காத்திருக்க முடியாத குடும்பத்துக்கு இந்தப் பாதி எவ்வளவு பெரிய விஷயம் என்பது சம்பளம் வாங்கும் நமக்குத் தெரியாது.

2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் இன்னொன்று சேர்ந்தது. கை எலும்பை உடைப்பது, வழிமறிப்பது, மிரட்டுவது போன்ற சிறிய குற்றங்களுக்கு ஒரு பட்டியல் போட்டு, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி என்று தெரிந்தே செய்தால் அதுவும் வன்கொடுமைதான் என்றார்கள். தண்டனை? பழைய தண்டனைச் சட்டத்தில் என்ன இருக்கிறதோ அதேதான். ஒரு மாதம்கூடக் கூட்டவில்லை. பெயர் மட்டும் மாறுகிறது. பெயர் மாறினால் டி.எஸ்.பி வருகிறார், முன்ஜாமீன் போகிறது, நிவாரணம் வருகிறது. சட்டத்தை எழுதியவர்களில் யாரோ ஒருவருக்கு விஷயம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

மாறாக, தண்டனையை மட்டும் ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் இதே சட்டத்தில் உதாரணம் இருக்கிறது. பத்து ஆண்டுக் குற்றத்துக்கு ஆயுள் என்ற விதியில் நீதிபதிக்கு இடமே இல்லை. நிரூபணமானால் ஆயுள்தான், ஏழு வருஷம் எட்டு வருஷம் என்று பார்க்க முடியாது. வழக்கமாக ஏழு வருஷம் கொடுக்கும் ஒரு கொலைமுயற்சி வழக்கு நீதிபதி முன் வருகிறது. சாதிக் காரணம் நிரூபணமாயிற்று என்று எழுதினால் ஆயுள். மனித மனம் என்ன செய்யும்? ‘சாதிக் காரணம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை’ என்று எழுதிவிட்டு ஏழு வருஷம் கொடுக்கும். எல்லா நீதிபதிகளும் இப்படி என்று சொல்லவில்லை. ஆனால் தண்டனை கனக்கக் கனக்க நிரூபணத்தின் வாசற்படியும் உயரும் என்பது என் எண்ணம்.

முன்பு அந்த விதியில், பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி ‘என்ற காரணத்தால்’ குற்றம் நடந்திருக்க வேண்டும் என்று இருந்தது. 2006இல் ராஜஸ்தான் வழக்கு ஒன்றில், எட்டு வயதுச் சிறுமியை வன்புணர்ந்தவனுக்கு இந்த விதிப்படி கொடுத்த ஆயுளை உச்ச நீதிமன்றம் ரத்து செய்து பத்து ஆண்டாக்கியது. சிறுமி பட்டியல் சாதி என்பதால்தான் செய்தான் என்பதற்கு ஆதாரமில்லை என்றது. ஒரு குற்றவாளியின் மண்டைக்குள் புகுந்து சாதியை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்து வா என்று போலீசைக் கேட்டால் எப்படி முடியும்? 2016 திருத்தம் இதை மாற்றியது. ‘தெரிந்தே’ செய்திருந்தால் போதும். குற்றவாளிக்கு அந்தக் குடும்பத்தை நேரடியாகத் தெரியும் என்றால், சாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும்; இல்லை என்று அவன்தான் காட்டவேண்டும்.

2021இல் ஆந்திரத்திலிருந்து வந்த வழக்கில், பார்வையற்ற ஒரு தலித் பெண் பாதிக்கப்பட்டிருந்தார். சாதி, பெண் என்பது, உடற்குறை மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும்போது சாதி மட்டுமே காரணம் என்று காட்டச் சொல்வது சரியில்லை என்று நீதிபதி சந்திரசூட் அமர்வு விரிவாக எழுதியது. நல்ல தீர்ப்பு. ஆனால் சம்பவம் திருத்தத்துக்கு முந்தியது, அரசுத் தரப்பும் ஆதாரம் வைக்கவில்லை. எனவே வன்கொடுமைப் பகுதி ரத்தானது. வன்புணர்வுக்கான ஆயுள் தண்டனை அப்படியே நின்றது. வருஷம் குறையவில்லை, பெயர் போய்விட்டது. கயர்லாஞ்சி போலவேதான்.

இதற்கு எதிரே நாணயமான ஒரு ஆட்சேபம் உண்டு. செயலைத் தண்டிக்கலாம், எண்ணத்தைத் தண்டிக்கலாமா? சாதி வெறியனாக இருப்பது அசிங்கம், குற்றமல்லவே. அப்படியிருக்க அதற்காக ஏன் கூடுதல் சிறை? அமெரிக்காவில் இதைத் தீர அலசியிருக்கிறார்கள். 1989இல் விஸ்கான்சின் மாநிலத்தின் கெனோஷாவில், ஒரு திரைப்படக் காட்சியைப் பேசிச் சூடேறிய கறுப்பின இளைஞர்கள் தெருவில் போன பதினான்கு வயது வெள்ளைக்காரச் சிறுவனை அடித்துப்போட்டார்கள். நான்கு நாள் நினைவில்லாமல் கிடந்தான். அந்தக் குற்றத்துக்கு உச்சம் இரண்டு ஆண்டு. இனத்தை வைத்து ஆளைத் தேர்ந்தெடுத்ததால் ஏழு ஆண்டு வரை போகலாம் என்றது மாநிலச் சட்டம். அடிக்கத் தூண்டியவனுக்கு நான்கு ஆண்டு கிடைத்தது. 1993இல் உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாக ஏற்றது. என்ன நோக்கத்தில் செய்தான் என்று பார்ப்பது தண்டனையில் எப்போதும் உள்ளதுதான், இப்படிப்பட்ட குற்றங்கள் பதிலடிக்கும் ஊர்க் கலவரத்துக்கும் வழி வைக்கும் என்றது. 2000இல் நியூஜெர்சி வழக்கில் கடிவாளமும் போட்டது. கறுப்பினக் குடும்பத்தின் வீட்டைச் சுட்டவனுக்கு நீதிபதி தானே இன வெறுப்பு என்று முடிவுகட்டி, உச்சமான பத்து ஆண்டைத் தாண்டிப் பன்னிரண்டு கொடுத்திருந்தார். கூடாது, உச்சத்தைத் தாண்டுவதென்றால் ஜூரி முன் ஐயமற நிரூபிக்கவேண்டும் என்றது.

நம்மிடமும் இது புதிதல்ல. தூக்கு எப்போது என்பதற்கு 1983இல் மச்சி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட வகைகளில் ஒன்று: சொந்தப் பகை இல்லாமல், சமூகமே கொதிக்கும்படி, பட்டியல் சாதி அல்லது சிறுபான்மையினர் ஒருவரைக் கொல்வது. கூலிக்குக் கொன்றவனையும், ஆத்திரத்தில் கை ஓங்கியவனையும் நாம் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. எண்ணம் எண்ணமாக இருக்கும்வரை அது அவனவன் பாடு. அரிவாளுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது அது செயலின் பகுதியாகிவிடுகிறது.

சேதமும் வேறு. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சியைப் பட்டியல் சாதிக்கு ஒதுக்கினார்கள். போட்டியிட விடாமல் மிரட்டல். தேர்தல் தள்ளித் தள்ளிப் போய், 1996 கடைசியில் முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுத் திரும்பும்போது பேருந்தை மறித்து அவரையும் சேர்த்து ஆறு பேரை வெட்டினார்கள். அவர் தலையை எடுத்துப்போய்க் கிணற்றில் போட்டார்கள். சொத்துத் தகராறில் ஒருவனைக் கொன்றால் அடுத்த தெருக்காரன் கதவைத் தாழ் போடவேண்டியதில்லை. மேலவளவில் வெட்டியது இனி எந்தக் காலனியிலிருந்தும் யாரும் வேட்புமனுவோடு வரக்கூடாது என்பதற்காக. அந்தச் செய்தி இதேபோல் ஒதுக்கப்பட்ட பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி ஊராட்சிகள் வரை போய்ச் சேர்ந்தது. அங்கெல்லாம் 2006 வரை முறையாகத் தேர்தல் நடத்தி ஒரு தலித் தலைவரை நாற்காலியில் உட்காரவைக்க முடியவில்லை.

மேலவளவு வழக்கில் 17 பேருக்கு ஆயுள். ஆயுள் என்றால்? அண்ணா நூற்றாண்டையொட்டி 2008இல் மூவர் வெளியே வந்தார்கள். எம்.ஜி.ஆர். நூற்றாண்டுச் சலுகையில் 2019 நவம்பரில் 13 பேர் வந்தார்கள். இரண்டு கழகங்களும் ஆளுக்கொரு பிறந்தநாள் கொண்டாடின. கடுமையான தண்டனை வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்களிடம் இதைத்தான் முதலில் கேட்கவேண்டும்.

பெயரும் நிரூபணமும் ஒழுங்காக அமைந்தால் எப்படி இருக்கும் என்பதற்குக் கோகுல்ராஜ் வழக்கு. 2015 ஜூனில் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குத் தோழியோடு போன அந்தப் பட்டதாரி, மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். தற்கொலை போலத் தெரியும்படி. முக்கியச் சாட்சியான தோழி பிறழ் சாட்சியானார். சாதாரணமாக வழக்கு அங்கேயே படுத்திருக்கும். மகனை இழந்த அம்மா விடாமல் போராடினார். சிறப்பு அரசு வழக்கறிஞர் மாறினார். வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்குப் போனது. கோயிலின் கண்காணிப்புக் கேமராவில் இருவரையும் மறித்துப் பிரிக்கும் காட்சி இருந்தது. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர் கேமரா எங்கே இருந்தது, எது வழி என்று பார்க்கத் தாங்களே மலையேறிக் கோயிலுக்குப் போனார்கள். 2022 மார்ச்சில் சாதி அமைப்பின் தலைவர் உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஆயுள், வன்கொடுமைச் சட்டமும் சேர்ந்து. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் பெரும்பாலும் அதை உறுதிசெய்தது. இங்கே சாதியை நிரூபித்தது ஒரு கேமராவும் பிடிவாதமான ஒரு தாயும். தூக்கின் உயரம் இல்லை.

பொய் வழக்குப் போடுகிறார்களே என்பவர்களுக்கு நான் அதிக நேரம் செலவழிப்பதில்லை. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தக் கவலையில்தான் கைதுக்கு முன் ஒப்புதல், முதற்கட்ட விசாரணை என்றெல்லாம் போட்டது. ஏப்ரல் 2 அன்று நாடு முழுக்கக் கடையடைப்பு. ஆகஸ்டில் நாடாளுமன்றம் அவையெல்லாம் தேவையில்லை என்று 18ஏ பிரிவைச் சேர்த்தது, 2019இல் நீதிமன்றமே அந்த உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது. 2022இல் மட்டும் நாட்டில் பட்டியல் சாதியினர்மீதான குற்றங்களாகப் பதிவானவை 57,582. என் கொத்தனாரின் மகன் கை அந்த மாதிரிக் கணக்கில் ஏறுவதே இல்லை.

இன்னும் ஒரு ஓட்டை இருக்கிறது. தனிச் சட்டம் வேண்டும் என்று நான் சொல்வதற்கு அதுதான் முக்கியக் காரணம்.

2003 ஜூலையில் விருத்தாசலம் பக்கம் கண்ணகி, முருகேசன் என்ற கணவன் மனைவி இருவரையும் பிடித்துவந்து, காதிலும் மூக்கிலும் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். (மேலவளவு முருகேசன் வேறு.) இந்த முருகேசன் வேதிப் பொறியியல் படித்த தலித், கண்ணகி வன்னியர். உள்ளூர்ப் போலீஸ் பதிந்த வழக்கில் முருகேசனின் உறவினர்களையே குற்றவாளிகளாகச் சேர்த்திருந்தார்கள். சி.பி.ஐ. வந்து, கடலூர் நீதிமன்றம் 2021இல் கண்ணகியின் அண்ணனுக்குத் தூக்கும், போலீஸ்காரர்கள் உட்பட 12 பேருக்கு ஆயுளும் கொடுத்தது. உயர் நீதிமன்றம் தூக்கை ஆயுளாக்கியது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. இருபத்திரண்டு வருஷம்.

ஒரே நாள், ஒரே விஷம், ஒரே காரணம். ஆனால் வன்கொடுமைச் சட்டத்தின் கணக்கில் பாதிக்கப்பட்டவர் முருகேசன் மட்டும்தான். கண்ணகி பட்டியல் சாதி இல்லை. சாதிக்காகவே சொந்த அப்பனும் அண்ணனும் கொன்ற அந்தப் பெண், சட்டத்தின் முன் சாதாரணக் கொலையில் செத்தவள். இதற்காக வன்கொடுமைச் சட்டத்தைப் பொதுவாக்கி எல்லாச் சாதிக்கும் திறந்துவிட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். கெனோஷாச் சட்டம் அப்படிப்பட்டதுதான், அடி வாங்கியது வெள்ளைக்காரச் சிறுவன். இங்கே அப்படிச் செய்தால் அந்த சப்-இன்ஸ்பெக்டருக்கு வேலை சுலபமாகும்: இந்தப் பக்கம் ஒரு புகார், அந்தப் பக்கம் ஒரு புகார், இரண்டும் வன்கொடுமை, வாங்க சமாதானம் பேசலாம். எனவே அந்தச் சட்டம் ஒருபக்கமாகவே இருக்கட்டும், வரலாறும் ஒருபக்கமாகத்தானே இருந்தது. மதம் மாறிய தலித் கிறித்தவர் அதன் வெளியே நிற்பதையாவது முதலில் சரிசெய்யலாம். ஊரில் அடிக்கிறவன் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டுவிட்டா அடிக்கிறான்?

ஆனால் ஆணவக் கொலைக்கான சட்டம் கண்ணகியையும் சேர்த்து எழுதப்படவேண்டும். சாதி மாறிய உறவுக்காக இருவரில் யாரைத் தொட்டாலும் அது இந்தக் குற்றம் என்று சொல்லவேண்டும். கொலைக்கு முன் நடப்பவற்றை, அதாவது பெண்ணை வீட்டில் பூட்டுவது, பையன் வீட்டைச் சுற்றி வருவது, மிரட்டுவது ஆகியவற்றைக் குற்றமாக்க வேண்டும். அவற்றுக்கு இரண்டு மூன்று வருஷம் போதும், நீதிபதி தயங்காமல் கொடுப்பார். 2018இல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பாதுகாப்பு இல்லங்களும் மாவட்டத் தனிப்பிரிவுகளும் தாளிலிருந்து இறங்கவேண்டும். தஞ்சமென்று ஸ்டேஷனுக்கு வந்த ஜோடியைப் பெற்றோரைக் கூப்பிட்டு ஒப்படைக்கும் அதிகாரிக்கு நான்காம் பிரிவு போன்ற ஒன்று வேண்டும்.

அப்புறம், இந்தச் சட்டப்படி ஆயுள் பெற்றவர்களுக்குத் தலைவர்களின் பிறந்தநாள் விடுதலை பொருந்தாது என்று ஒரு வரி. ஆணையம் ஒருவேளை அதைப் பரிந்துரைக்கலாம். அதைச் சட்டமாக்கும் துணிச்சல் எந்தக் கட்சிக்கு வரும் என்பதில்தான் எனக்குச் சந்தேகம். ஒவ்வொரு கட்சிக்கும் கொண்டாட ஒரு நூற்றாண்டு இருக்கிறது, உள்ளே இருப்பவர்களின் ஊரில் ஓட்டும் இருக்கிறது.